குதிரையைத் தத்தெடுக்கும் முன் கொடுப்பவரைப் பாருங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைவிடப்பட்டோ, பட்டினி போடப்பட்டோ, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தோ நிற்கும் குதிரைகளை மீட்டு, தேற்றி, வேறு வீடு தேடித் தருபவை மீட்பு அமைப்புகள். நான் பார்த்தவரையில் அவை மூன்று வகை. பொறுப்போடு நடப்பவை, நல்ல மனம் இருந்தும் கைக்கு மீறி இழுத்துப் போட்டுக்கொண்டவை, இரக்கத்தையே சரக்காக விற்பவை. வெளியே நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் தடவையாகக் குதிரை எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

வியாபாரியிடம் வாங்குவதற்கும் மீட்பு அமைப்பிடம் தத்தெடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் பணம் கொடுத்துத்தானே குதிரையைக் கொண்டு வருகிறோம்?

வியாபாரியின் வேலை பணம் கை மாறியதும் முடிந்துவிடுகிறது. நல்ல மீட்பு அமைப்பின் வேலை அதற்குப் பிறகும் தொடர்கிறது. குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று 10 வயதுக் குதிரையை எடுத்தால், அது கண் மூடுவதற்குள் உங்கள் வேலை, உடல்நலம், நிலம், குடும்பம் எதுவும் மாறிப்போகலாம். அப்படி ஒரு நாள் வந்தால் அந்தக் குதிரை திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: “எனக்கு முடியாமல் போனால், எத்தனை வருடம் கழித்தானாலும் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?” தயங்காமல் “எடுத்துக்கொள்வோம், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது” என்றால் மேற்கொண்டு பேசலாம். “அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று இழுத்தால், குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால் நம்பலாம்தானே?

பதிவு என்பது வாசற்படி. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. இருந்தாலும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும் என்பதால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அரசுப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொண்டு நிறுவனங்களுக்கான ஆணையத்தின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ‘படிவம் 990’ பொது ஆவணம். மற்ற நாடுகளில் பதிவேடு கைக்கு எட்டாவிட்டால், கடைசி ஆண்டின் வரவு செலவுக் கணக்கை நேராக அவர்களிடமே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கணக்கில் எதைப் பார்ப்பது? நான் தீவனச் செலவைப் பார்ப்பேன். ஒரு குதிரை நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் அளவுக்கு உலர் தீவனம் தின்னும். 500 கிலோ குதிரைக்கு 10 கிலோ. ஓர் அமைப்பு 40 குதிரைகள் வைத்திருப்பதாகச் சொன்னால் தினம் 400 கிலோ வேண்டும். மேய்ச்சல் நிலம் நன்றாக இருந்தால் இது குறையும், சரி. ஆனால் மேய்ச்சலும் இல்லை, தீவனச் செலவும் சொற்பம் என்றால், ஒன்று குதிரைகள் எண்ணிக்கையில் கதை இருக்கிறது, அல்லது குதிரைகள் வயிற்றில் ஒன்றும் இல்லை. கால்நடை மருத்துவர் செலவு, குளம்பு சீர்செய்பவரின் கூலி ஆகிய இரண்டு வரிகளையும் அதே கண்ணோடு பாருங்கள். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீர்செய்தாக வேண்டும். அது தவணை தள்ளிப் போடும் செலவு அல்ல.

வெளியாள் வந்து சோதித்துத் தரும் அங்கீகாரமும் உண்டு. 2007-இல் தொடங்கப்பட்ட ‘குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்சுவரீஸ்’ என்ற அமைப்பு, இருப்பிடங்களை நேரில் பார்த்து, பராமரிப்பையும் நிர்வாகத்தையும் சரிபார்த்துச் சான்று தருகிறது. சான்று இருந்தால் நல்லது. இல்லாத சிறிய அமைப்புகளிலும் அருமையானவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

தத்து கேட்டுப் போனால் எங்களைக் குற்றவாளிகளைப் போல விசாரிக்கிறார்களே?

சந்தோஷப்படுங்கள். வேலி எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கூட வேறு குதிரை உண்டா, இரவில் வயிற்று வலி வந்தால் எந்த மருத்துவர் வருவார், நீங்கள் வெளியூர் போனால் யார் தீவனம் போடுவார்கள்... இப்படித் துருவித் துருவிக் கேட்பவர்கள்தான் குதிரையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். உங்கள் இடத்தை நேரில் வந்து பார்க்காமலோ, குறைந்தபட்சம் படம் கேட்காமலோ, “எப்போது வண்டி கொண்டு வருகிறீர்கள்?” என்று கேட்பவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்களை ஒன்றும் கேட்காதவர் உங்களுக்கு முன் எடுத்துப் போனவரையும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்.

போய்ப் பார்த்தால் குதிரைகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. மோசமான இடம் என்று முடிவு கட்டலாமா?

அவசரப்படாதீர்கள். கேட்க வேண்டியது: “இது எப்போது வந்தது?”

பட்டினி கிடந்த குதிரையை ஒரே வாரத்தில் கொழுக்க வைக்க முடியாது; முயன்றால் செத்துப்போகும். நீண்ட நாள் காய்ந்த வயிற்றில் தானியத்தை வாளி வாளியாகக் கொட்டினால் இன்சுலின் திடீரென்று உயர்கிறது. ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. சாப்பிட ஆரம்பித்த சில நாட்களிலேயே, பிழைத்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில், குதிரை விழுந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் குதிரைமசால் போன்ற நார்த்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவையாகப் பிரித்துக் கொடுத்து, பத்து நாள் போல எடுத்துக்கொண்டு மெல்ல அளவை ஏற்றுவார்கள். முழுதாகத் தேற மாதக்கணக்காகும்.

ஆகவே போன வாரம் வந்த குதிரை மெலிந்திருப்பது குற்றம் அல்ல. ஆறு மாதமாக இருக்கும் குதிரை மெலிந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். உடல்நிலையைச் சொல்ல உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல் உண்டு: டான் ஹெனெக் என்பவர் 1983-இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 1 முதல் 9 வரையிலான மதிப்பெண். கழுத்து, திமில் மேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வால் அடி என்ற ஆறு இடங்களில் கண்ணாலும் கையாலும் சதையைப் பார்த்துப் போடுவது. 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் அளவு மீறிய கொழுப்பு, 5 நடுத்தரம். “வந்த அன்று எத்தனை, இன்று எத்தனை?” என்று கேளுங்கள். தேதியோடும் படத்தோடும் பதில் வந்தால், அந்த அமைப்பில் யாரோ ஒருவர் தினமும் குதிரையைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

நேரில் போகும்போது வேறு எதைப் பார்க்க வேண்டும்?

உங்களுக்காக வாரிச் சீவி நிறுத்தியிருக்கும் குதிரையை விட்டுவிடுங்கள். மற்ற குதிரைகளைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விடுங்கள். குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். வழுக்கும் பாசி படிந்த தொட்டி பல கதைகள் சொல்லும். புதிதாக வந்தவை தனியாக நிற்கின்றனவா? அவற்றுக்கு வாளியும் தூரிகையும் தனியா?

பிறகு குளம்பு. குளம்புச் சுவர் மேலிருந்து கீழாக வளர்வது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், சில குதிரைகளுக்கு அதைவிடக் குறைவு. முன்பக்கம் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஓர் ஆண்டு பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு குளம்பும் கடந்த ஓராண்டின் நாட்குறிப்பு. பட்டினி, காய்ச்சல், திடீர்த் தீவன மாற்றம் எல்லாம் அதில் வளையமாகப் பதிந்திருக்கும். ஓரிடத்தில் ஒரு பழுப்புக் குதிரையைக் காட்டி, “எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது, ராஜா மாதிரி வைத்திருக்கிறோம்” என்றார்கள். குனிந்து பார்த்தேன். ரோம எல்லையிலிருந்து இரண்டு விரல் அகலம் வரை குளம்பு வழவழப்பாக இருந்தது. அதற்குக் கீழே அழுத்தமான ஒரு பள்ளம், அதன் கீழ் முழுக்கக் கரடுமுரடு. இரண்டு விரல் அகலம் என்றால் மூன்று, நான்கு மாதம். அதற்கு முன்பு அந்த ராஜா பட்டினிதான் கிடந்திருக்கிறார். ஒன்று, வந்த தேதி பொய். அல்லது முதல் எட்டு மாதம் பராமரிப்பு பொய். நான் எதையும் கேட்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

“வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள்” என்று ஒரு குதிரையின் படத்தோடு செய்தி வருகிறது. உதவலாமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் குதிரை இறைச்சிக் கூடங்களில் கடைசியாக எஞ்சியிருந்தவை 2007-இல் மூடப்பட்டன. அதன் பிறகும் குதிரைகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரிகளில் போய்க்கொண்டிருந்தன. அதாவது, இறைச்சிக்குப் போகும் ஆபத்து கற்பனை அல்ல. ஆனால் அந்த ஆபத்தைக் காட்டியே ஒரு வியாபாரம் முளைத்தது. தரகர் ஏலத்தில் குதிரைகளை வாங்கிப் பட்டியில் நிறுத்துவார். படம் எடுத்து, கெடு வைத்து, ‘ஜாமீன் தொகை’ கேட்பார். பதறிப்போய் ஊரெல்லாம் பணம் சேர்த்துக் கட்டும். தொகை பெரும்பாலும் இறைச்சி விலையைவிட அதிகம். அந்தப் பணத்தில் தரகர் அடுத்த ஏலத்தில் இன்னும் இரண்டு குதிரை வாங்குவார். காப்பாற்றியது ஒன்று, பட்டிக்கு வந்தது இரண்டு. பட்டிகளில் பல ஊர்க் குதிரைகள் நெருக்கியடித்து நிற்பதால் நோயும் தாராளமாகப் பரவும்.

பொறுப்பான அமைப்பு உங்களைக் கெடு வைத்துப் பிழியாது. அவசரம் என்றால்கூட, “எடுத்த பிறகு குதிரை எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எத்தனை வாரம் தனிமைப்படுத்துவீர்கள்?” என்ற கேள்விக்கு அதனிடம் பதில் தயாராக இருக்கும். கண்ணீர்ப் படத்துக்குக் கீழே இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதிலுக்குத் திட்டு வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

“ரொம்ப சாது, குழந்தைகூட ஏறலாம்” என்கிறார்கள். நம்பலாமா?

உடம்பில் தெம்பில்லாத குதிரை எல்லாம் சாதுதான். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு வெள்ளைப் பெண்குதிரையைக் கொண்டு வந்தார். முதல் மாதம் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. நான்காம் மாதம், உடம்பு தேறிய பிறகு, சேணத்தை எடுத்துக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்கியது. ஏறியவரை இரண்டு தடவை தள்ளிவிட்டது. குதிரையின் மேல் தப்பில்லை. அதன் உண்மையான குணமே அப்போதுதான் வெளியே வந்தது. கொடுத்தவர்களை அழைத்தார், அவர்கள் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

எனவே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: “முழு உடல் தேறிய பிறகு இந்தக் குதிரையை நீங்கள் எத்தனை வாரம் பார்த்திருக்கிறீர்கள்? யார் ஏறிப் பார்த்தார்கள்?” நீங்கள் ஏறுவதற்கு முன் அவர்களில் ஒருவர் உங்கள் கண் முன்னே ஏறிக் காட்ட வேண்டும். மேய்ச்சல் நிலத்திலிருந்து பிடித்து வருவது, கட்டுவது, நாலு குளம்பையும் தூக்குவது, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பார்க்கக் கேளுங்கள். நீங்கள் போகும்போதே கட்டித் தயாராக நிற்கும் குதிரை தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, கண் பாதி செருகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்திருக்கலாம். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் உண்டு. வேறொரு நாள், வேறொரு நேரத்தில் மறுபடியும் போய்ப் பாருங்கள்.

வயதை எப்படி உறுதி செய்வது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரை விஷயத்தில் அதை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். மேல்தாடை ஓர வெட்டுப்பல்லில் ஈறின் அருகே சுமார் 10 வயதில் ஒரு நீளப் பள்ளம் தெரியத் தொடங்கும். 15 வயதில் பாதிப் பல்லுக்கு இறங்கும். 20-இல் முழு நீளமும் ஓடும். அதன் பிறகு மேலிருந்து மறையும். இது துல்லியமான கடிகாரம் அல்ல, குதிரைக்குக் குதிரை மாறும். ஆனால் “எட்டு வயது” என்று சொன்ன குதிரையின் பல்லில் பள்ளம் கடைசிவரை ஓடினால், சொன்னவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது. “வயது தெரியாது, பல்லைப் பார்த்து 12 முதல் 16 என்று மருத்துவர் சொன்னார்” என்று சொல்பவரை நான் அதிகம் நம்புவேன்.

என்னென்ன மருத்துவக் காகிதங்கள் கேட்க வேண்டும்?

தடுப்பூசி (முக்கியமாக டெட்டனஸ்), குடற்புழு நீக்கம், பல் பரிசோதனை, குளம்பு சீர்செய்த தேதிகள். இவை எல்லோரும் கேட்பவை. பலர் கேட்க மறப்பவை மூன்று.

ஒன்று, தொற்று ரத்தசோகைக்கான ‘காகின்ஸ்’ பரிசோதனை. லீராய் காகின்ஸ் 1970-இல் கண்டுபிடித்தது. இந்த நோயைத் தரும் வைரஸ், கடிக்கும் ஈக்கள் வழியே பரவுகிறது, மருந்து கிடையாது, தொற்றிய குதிரை ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும்.

இரண்டு, ‘ஸ்ட்ராங்கில்ஸ்’ என்ற தொண்டைக் கட்டி நோய். தாடைக்குக் கீழே நெறிகட்டிச் சீழ் பிடிக்கும். வெளியே நன்றாகத் தெரியும் குதிரையும் தொண்டைப் பையில் கிருமியை மாதக்கணக்கில் வைத்திருந்து பரப்பலாம். புது வரவுகளை மூன்று வாரமாவது தனியே வைத்து, தினமும் காய்ச்சல் பார்க்கும் அமைப்பா என்று கேளுங்கள். குதிரையின் சாதாரண வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நோய் மூக்கு வழியே பரவத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல் ஏறிவிடும் என்பதால் இந்தத் தினக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

மூன்று, பெண்குதிரையானால் சினைப் பரிசோதனை. சினைக்காலம் பதினோரு மாதம். முன் கதை தெரியாமல் வந்த பெண்குதிரை சினையாக இருப்பது அபூர்வம் அல்ல. ஒரு குதிரை எடுத்து ஒன்றரைக் குதிரையோடு வீடு திரும்பியவர்கள் உண்டு.

அவர்களுடைய மருத்துவரே பார்த்துவிட்டாரே, நாம் வேறொருவரை அழைத்துப் போக வேண்டுமா?

வேண்டும். மறுத்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் குதிரை எங்கள் பெயருக்கு மாறாது என்கிறார்களே. அது சரியா?

பலர் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். “தீவனம் நான் போடுவேன், குதிரை அவர்களுடையதா?” என்கிறார்கள். ஆனால் பழைய, பெயர் பெற்ற அமைப்புகள் சிலவற்றின் வழியே அதுதான். அடா கோல் என்ற பெண்மணி 1927-இல் தொடங்கிய பிரிட்டனின் ‘வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர்’ குதிரைகளைப் புது வீட்டுக்கு அனுப்பினாலும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஆள் அனுப்பிப் பார்க்கிறது. ஒரு குதிரை மறுபடியும் ஏலத்துக்குப் போகாமல் இருக்க இதைவிட உறுதியான பூட்டு இல்லை. வேறு அமைப்புகள் ஓராண்டு பார்த்துவிட்டு உரிமையை மாற்றித் தருகின்றன. இரண்டுமே நியாயம்தான், எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் நான் விரல் வைத்துப் படிக்கும் இடங்கள்: திருப்பித் தரும் நிபந்தனை (காலக்கெடு இருக்கிறதா?), விற்கவோ கைமாற்றவோ கூடாது என்ற தடை, இனவிருத்தி செய்யக் கூடாது என்ற தடை, பார்வையிட வரும் முறை, பெரிய மருத்துவச் செலவு வந்தால் யார் பொறுப்பு, கருணைக்கொலை முடிவை யார் எடுப்பது. கடைசி இரண்டும் பேசச் சங்கடமானவை. நள்ளிரவில் வயிற்று வலியால் குதிரை உருண்டுகொண்டிருக்கும்போது, யாருடைய அனுமதி வேண்டும் என்று தேடுவது அதைவிடச் சங்கடம்.

இனவிருத்தித் தடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அமைப்பு காயடிக்காத ஆண்குதிரைகளையும் பெண்குதிரைகளையும் ஒன்றாக மேய விட்டு, வருடாவருடம் ‘மீட்கப்பட்ட’ குட்டிகளைத் தத்துக்குத் தருகிறதென்றால், அது மீட்பு அமைப்பு அல்ல, குதிரைப் பண்ணை.

மீட்ட குதிரைக்குக் கட்டணம் வாங்குகிறார்களே?

வாங்கட்டும். தேற்றிய செலவில் அது ஒரு பங்குகூட இராது. தவிர, இலவசக் குதிரையைத் தேடி வருபவர்களில் எல்லோரும் நல்லவர்கள் அல்ல.

எங்களுக்குப் பிடித்த குதிரையின் குறைகளை அவர்களே அடுக்குகிறார்கள். தரவே மனமில்லையோ?

“ஏறிச் சவாரி செய்ய முடியாது, துணைக்கு மட்டும்தான்”, “கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் உண்டு”, “வண்டியில் ஏற அடம் பிடிக்கும்” என்று சொல்பவர்கள் உங்கள் நேரத்தையும் குதிரையின் நிம்மதியையும் மிச்சப்படுத்துகிறார்கள். குறையே இல்லாத குதிரை என்பது குதிரைக் கொம்பு. அதைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்பவரிடம்தான் பத்து தடவை யோசிக்க வேண்டும்.

இணையத்தில் நல்ல விதமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். போதாதா?

குதிரை வந்த முதல் வாரத்தில் எழுதியவை அவை. இரண்டு வருடம் முன்பு எடுத்துப் போன ஒருவருடைய தொடர்பைக் கேளுங்கள். இன்னும் நல்லது, குதிரையைத் திருப்பிக் கொடுத்த ஒருவரிடம் பேசுவது. “திருப்பிக் கொடுத்தபோது எப்படி நடத்தினார்கள்?” என்ற கேள்விக்கு வரும் பதில், நூறு பாராட்டுக்குச் சமம். உள்ளூர்க் கால்நடை மருத்துவருக்கும் லாடம் அடிப்பவருக்கும் எந்த அமைப்பு எப்படி என்று நன்றாகத் தெரியும். வாயால் சொல்லத் தயங்கினாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

இடம் சரியில்லை. ஆனால் அந்தக் குதிரையை அங்கேயே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். அந்த ஒன்றை எடுத்து வந்தால் அந்தக் கொட்டடி காலியாகும். அதே கையால் இன்னொன்று அங்கே வந்து நிற்கும். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், அனுமதி உள்ள இடத்தில் படம் எடுங்கள், விலங்கு நலனைக் கவனிக்கும் அரசு அதிகாரிகளிடம் கொடுங்கள். கைக்கு மீறிப் போனவர்கள் என்றால், குதிரைகளைப் பிரித்து எடுத்துக்கொள்ள மற்ற அமைப்புகள் முன்வரக்கூடும். அதற்கும் யாராவது முதலில் சொல்ல வேண்டும்.

குதிரை வந்துவிட்டது. அமைப்பு நல்லதுதானா என்று இனி எப்படித் தெரியும்?

சின்னப் பிரச்சினை ஒன்று வரும். அப்போது அழையுங்கள். என் குதிரை வந்த நாலாம் நாள் மாலைத் தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டது. கொடுத்த இடத்துக்குத் தொலைபேசி செய்தேன். மறுமுனையில் இருந்த பெண் முதலில் காய்ச்சல் இருக்கிறதா, லத்தி போட்டதா, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரி என்றேன். பிறகு, “வாளியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அது சுவரைப் பார்த்து நின்று தின்னாது. மற்றக் குதிரைகள் கண்ணில் பட வேண்டும்” என்றார். வாளியை வாசல் பக்கம் நகர்த்தினேன். அரை மணி நேரத்தில் காலி. மறுநாள் காலை, நான் அழைப்பதற்கு முன் அவரே அழைத்துக் கேட்டார்: “ராத்திரி தின்றதா?”